கெல் ப்ரூயிட் மாட்டிய டேக்

மின்நிலையத்தில் வேலை பார்த்தவர்களிடம் கடவுள் உண்டா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். டேக் விஷயத்தில் மட்டும் இரண்டாவது பேச்சே கிடையாது. ஒரு இயந்திரத்துக்குள் கையை விடுவதற்கு முன்னால் அதன் சுவிட்சை அணைத்து, சிவப்பும் கறுப்புமாக அச்சடித்த அட்டை ஒன்றை அதில் மாட்ட வேண்டும். அட்டையில் உன் பெயர் இருக்கும். உள்ளே என் கை இருக்கிறது, சுவிட்சைப் போட்டுத் தொலைத்துவிடாதே என்று அதற்குப் பொருள். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். மறந்துபோய் வீட்டுக்குப் போய்விட்டால்கூடப் படுக்கையிலிருந்து எழுப்பி வரவழைப்பார்கள். அடுத்தவன் டேக்கைக் கழற்றியவனுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும்.

நான் நாராபர்ன் மின்நிலையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாள், எங்கள் ஃபோர்மேன் எல்லோரையும் ஸ்டோர் ரூமுக்கு ஓட்டிக்கொண்டு போய் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் காட்டினார். இரண்டு பீரோவை ஒட்டி நிறுத்தின மாதிரி இருந்தது. பக்கத்தில் அதன் பவர் சப்ளை, தனியாக ஒரு இரும்புப் பெட்டி. பெட்டியின் சுவிட்சில் ஒரு டேக் தொங்கியது. "கே. ப்ரூயிட்" என்று பேனாவால் எழுதியிருந்தது.

"இதைத் தொட்டவனுக்கு இங்க வேலை இல்ல. தொட்டவளுக்கும்தான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண்.

அந்தக் கதையை வேலையில் சேர்ந்த எல்லோருக்கும் சொல்வார்கள். எழுபத்தெட்டாம் ஆண்டுக் குளிர்காலம். கட்டுப்பாட்டு அறைக் கம்ப்யூட்டர் அடிக்கடி மயங்கி விழுந்துகொண்டிருந்தது. பவர் சப்ளையில் கண்டென்சர்கள் ஊதிப்போயிருந்தன. மாற்றச் சொல்லி கெல் ப்ரூயிட்டை அனுப்பினார்கள். கெல் சுவிட்சை அணைத்தார், டேக்கை மாட்டினார், மேல் வரிசையில் இரண்டை மாற்றினார். ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே மூடுபனிக்குள் போனார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. கார் நின்ற இடத்திலேயே நின்றது. சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. ஏரியை அலசினார்கள், நிலக்கரிச் சாம்பலைக் கரைத்துவிடும் குட்டையைத் துழாவினார்கள். ஒரு சட்டைப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை.

மாட்டியவர் வரவே முடியாமல் போனால் மேலதிகாரி கழற்றுவதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆனால் அந்த ஆள் வளாகத்துக்குள் இல்லை என்று ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். கெல் கேட்டைத் தாண்டிப் போனதை யாரும் பார்க்கவில்லை. அப்புறம் யார் போடுவார்கள்? வேறு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பழையதை டேக்கோடு சேர்த்து ஸ்டோரில் தள்ளினார்கள்.

மின்நிலையம் மூடி, புகைபோக்கிகளை வெடிவைத்துத் தகர்த்து, எல்லாம் முடிந்த பிறகு அந்தக் கம்ப்யூட்டர் மோர்வெல்லில் இருக்கும் எங்கள் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. ஓய்வுபெற்ற ஆண்கள் வீட்டில் மனைவியின் காலைச் சுற்றாமல் இருக்க அரசாங்கம் கட்டிக்கொடுத்த பட்டறை அது. போர்டிலேயே ஆண்கள் ஷெட் என்றுதான் இருக்கிறது. போர்டைப் படிக்கத் தெரியாத மாதிரி நான் உள்ளே போய்ப் பத்து வருஷமாகிறது. பழைய எலெக்ட்ரானிக்ஸ் பகுதியில் நாங்கள் மூன்று பேர். நான், கார்மென் ஜெராஃபா. ஹெங்க், ஹாலந்திலிருந்து சின்ன வயதில் வந்த எலெக்ட்ரீஷியன், விதிப்புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர். நெவ், அந்தக் கம்ப்யூட்டரையே இயக்கிய ஆபரேட்டர், வாய் மூடாத மனிதர்.

நான்காவதாக ஒருத்தி வருவாள், வேலை செய்ய அல்ல. நோலீன் ப்ரூயிட், கெல்லின் மனைவி. வியாழக்கிழமைதோறும் பேரீச்சம்பழ ஸ்கோன் ரொட்டி சுட்டு எடுத்து வருவாள். எழுபத்தைந்து தாண்டியாயிற்று, இதயம் சரியில்லை, ஆனாலும் உதட்டுச் சாயம் இல்லாமல் வந்ததில்லை. இரும்புப் பெட்டிக்கு முன்னால் நின்று டேக்கைப் பார்ப்பாள். தொட மாட்டாள்.

"என்ன கார்மென், இன்னும் எதையும் உடைக்கலையா?" என்பாள்.

"நெவ் இருக்கான்ல. சீக்கிரம் உடைச்சிடுவோம்."

அவள் சிரிப்பாள். பிறகு டேக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, "அவர் மாட்டினது. அவரேதான் வந்து கழட்டணும். விதி அப்படித்தானே?" என்று ஹெங்கிடம் கேட்பாள்.

"விதி அப்படித்தான்" என்பார் ஹெங்க். அவருக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது.

அந்த வசந்த காலத்தில் டாக்டர், இனிமேல் தனியாக இருக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டார். முதியோர் இல்லத்தில் ஒரு படுக்கை காலியானது. மாதக் கடைசித் திங்கட்கிழமை வேன் அனுப்புவார்கள், வராவிட்டால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். நோலீன் ஸ்கோன் தட்டைக் கீழே வைக்காமலே எங்களிடம் இதைச் சொன்னாள்.

"நான் போயிட்டா அவர் வந்து பூட்டின வீட்டைப் பார்ப்பாரே. எங்க போவாரு? இத்தனை வருஷம் காத்திருந்ததுக்கு, கடைசியில நானே இல்லாம போறதா?"

எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போன ஒரு மனிதனுக்காக இந்தப் பெண் தன் உயிரைப் பணயம் வைக்கிறாளே என்ற கோபம். அப்போது நான் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, எங்கள் ஷெட்டை ஊருக்குத் திறந்து காட்டும் ஆண்டு விழா. ஊர்க்காரர்கள், மேயர், எல்லோரும் வருவார்கள். அன்றைக்குக் கம்ப்யூட்டர் ஓட வேண்டும் என்று நெவ் ஒற்றைக்காலில் நின்றார்.

"எப்படி ஓடும்? பவர் சப்ளையைச் சரிசெய்யணும். அதுல டேக் இருக்கு" என்றார் ஹெங்க்.

"டேக் சுவிட்சுலதானே இருக்கு? சுவிட்சை யார் தொடப்போறா? பழைய சப்ளை அது பாட்டுக்குக் கிடக்கட்டும். நான் புதுசா ஒண்ணு செய்யறேன். பின்பக்கமா சர்க்யூட் போர்டுக்கு நேரா கொடுத்துடுவோம். டேக்கை விரலால கூடத் தொட வேணாம்."

ஹெங்க் நெற்றியைச் சொறிந்துகொண்டு ஒரு வாய் டீ குடிக்கும் நேரம் யோசித்தார். "விதிப்படி தப்பு ஒண்ணும் இல்ல" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பழைய பெட்டியிலிருந்து போர்டுகளுக்குப் போகும் கம்பிகளை மட்டும் நாங்கள் பிரிக்கவில்லை. அது கெல் பாதியில் விட்ட வேலை, அதில் கை வைப்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டோம்.

நெவ் தன் புது சப்ளையைச் செய்துகொண்டிருந்தபோதுதான் நான் அதைக் கவனித்தேன். பழைய பெட்டியின் மூடி கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் தகடு, திறக்காமலே உள்ளே தெரியும். மேல் வரிசையில் இரண்டு கண்டென்சர் புதிது, மற்றதெல்லாம் தலை ஊதி, கசிந்து, மீன் நாற்றம் அடிப்பவை. அது எனக்கு மனப்பாடம். அன்றைக்குப் பார்த்தால் மூன்று புதிதாக இருந்தன.

பெட்டி வந்த நாளில் போனில் எடுத்த படத்தை வைத்துப் பார்த்தேன். படத்தில் இரண்டு. பெட்டியில் மூன்று. டார்ச் அடித்தேன். ஈயம் பற்றவைத்த இடம் பளபளவென்று இருந்தது. மூடியின் இடுக்கில் மூக்கை வைத்தால் ஈயத்தோடு சேர்ந்து உருகும் பைன் பிசின் வாசனை, இப்போதுதான் பற்றவைத்த மாதிரி. கண்டென்சரின் வயிற்றில் உற்பத்தி ஆண்டு அச்சடித்திருந்தது. எழுபத்தெட்டு.

நேரே நெவ்விடம் போனேன். "உன் வேலைதானே இது?"

"என்னது?"

"நடிக்காதே. நோலீனைச் சமாதானப்படுத்த நீ பண்ற கூத்து."

நெவ் வந்து பார்த்தார். முகம் மாறியது. "கார்மென், எனக்குக் கை நடுங்கி டீயைச் சட்டையிலதான் குடிக்கிறேன். இவ்வளவு சுத்தமா ஈயம் வெக்க என்னால ஆகுமா? ஆகும்னா புது சப்ளைக்கு ஈயம் வெச்சுக் குடுன்னு நான் ஏன் உங்கிட்ட வந்து கெஞ்சறேன்?"

அது உண்மை. ஹெங்குக்குக் கண் சரியாகத் தெரியாது, பூதக்கண்ணாடி இல்லாமல் ஸ்க்ரூவைக்கூடப் பார்க்க மாட்டார். எனக்குத் தூக்கத்தில் நடக்கும் வியாதி இல்லை. அன்றைக்கே கம்ப்யூட்டரைச் சுற்றியிருந்த கம்பிக்கூண்டுக்கு என் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டேன். அடுத்த தடவை வந்தபோது நான்காவது மாறியிருந்தது. பூட்டு பூட்டினபடியே இருந்தது.

அதன் பிறகு நாங்கள் மூவரும் அதைப் பற்றி அதிகம் பேசிக்கொள்ளவில்லை. காலையில் வந்தவுடன் முதலில் டார்ச்சை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போவோம். பார்ப்போம். டீ போடப் போவோம். சில நாள் ஒன்று மாறியிருக்கும், சில நாள் ஒன்றும் இருக்காது. மாறினவற்றில் கம்பி எல்லாம் வலப்பக்கமாகச் சுற்றி, ஒரே அளவில், அழகாக இருக்கும். நல்ல வேலைக்காரன். அந்த நினைப்பு வந்ததும் டார்ச்சை அணைத்துவிட்டேன்.

நோலீனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் வீடு எங்கள் ஊரின் மேட்டுத் தெருவில், சரிவில் முதலாவது. சமையலறை மேஜையில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல அவள் துளிகூட ஆச்சரியப்படவில்லை.

"எத்தனை பாக்கி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"கீழ் வரிசை முழுசும்."

"மெதுவாத்தான் செய்வாரு. சரியா வர வரைக்கும் விடவே மாட்டாரு மனுஷன். எங்க கல்யாணத்தன்னிக்கே லேட்." எழுந்து போய் மேஜை டிராயரைத் திறந்து ஒரு மரப்பலகையை எடுத்தாள். மின்நிலையம் ஓடிய காலத்தில் எங்கள் ஊரில் பாதி வீட்டுக் கதவில் அப்படி ஒன்று தொங்கும். இரவு ஷிஃப்ட் முடித்தவர் தூங்குகிறார், தட்ட வேண்டாம் என்று எழுதியிருக்கும். அந்தத் தெருவில் பால்காரர் பாட்டிலைச் சத்தமில்லாமல் வைப்பார், வீட்டுக்கு வந்தவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுக் காரைச் சரிவில் உருளவிட்டுத் திரும்புவார்கள். நோலீன் பலகையைத் சமையலுக்குக் கட்டியிருந்த ஏப்ரனால் துடைத்தாள். "திங்கக்கிழமைக்குள்ள முடிப்பாரா, கார்மென்?"

முடிப்பார் என்று சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

நெவ்வின் புது சப்ளை தயாரானது. தடித்த கம்பிகள் போட்டுப் பின்பக்கம் இணைத்துவிட்டார். நான் குறுக்கே நின்றேன்.

"பொறு நெவ். உள்ள வேலை நடந்துக்கிட்டிருக்கு."

"யார் வேலை?"

அந்தப் பெயரை அந்தக் கூண்டுக்குள் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பார்த்தியா. உன்னாலயே சொல்ல முடியல. டேக்கைத் தொடமாட்டேன், சத்தியம். ஒரே ஒரு நிமிஷம் போட்டுப் பார்க்கிறேன். நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு கார்மென், அது மூச்சு விட்டு நான் கேட்டு."

அவர் கண் கலங்கியிருந்தது. இந்த மனிதரைத் திட்டவும் முடியாது. ஹெங்கைப் பார்த்தேன். "விதிப்படி..." என்று ஆரம்பித்தார் அவர். நெவ் அதற்குள் புது சப்ளையின் பட்டனை அழுத்திவிட்டார்.

கம்ப்யூட்டரின் விளக்குகள் வரிசையாக எரிந்தன. மின்விசிறிகள் சுழன்றன. நெவ் சின்னப் பையன் மாதிரி கைகொட்டினார். அப்போது பழைய பெட்டிக்குள்ளிருந்து, சுவிட்சு அணைத்து டேக் மாட்டியிருந்த அந்தப் பெட்டிக்குள்ளிருந்து, 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. பல்லிடுக்கில் மூச்சை இழுக்கிற சத்தம். கையைச் சுட்டுக்கொண்ட எவனும் இழுப்பது. உடனே உள்ளே ஏதோ இரும்பு 'டங்'கென்று விழுந்தது. டேக் ஒருமுறை ஆடியது.

சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை நான் உள்ளங்கையால் அறைந்தேன். ஷெட் முழுக்க இருண்டது. இருட்டில் முடி பொசுங்கின நாற்றம் எங்கள் மூவருக்கும் வந்தது.

நடந்தது என்ன என்று எலெக்ட்ரீஷியன் மொழியில் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. புது சப்ளையின் கரண்ட், நாங்கள் பிரிக்காமல் விட்ட கம்பிகள் வழியாகப் பின்பக்கமாகப் பழைய பெட்டிக்குள் ஏறிவிட்டது. ஐந்து வோல்ட்தான். ஆனால் நெவ் போட்ட சப்ளை, குறுக்கே விழுந்த இரும்பைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சுகிற அளவுக்குக் கரண்ட் தள்ளும். டேக் மாட்டிய ஆளுக்கு மறுபக்கமாக மின்சாரம் கொடுப்பதைவிடப் பெரிய பாவம் எங்கள் தொழிலில் கிடையாது. டேக்கை விரலால் தொடாமலே அதைச் செய்துவிட்டோம்.

மூடியைக் கழற்றினேன். பெட்டியின் தரையில் மஞ்சள் கைப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர் ஒன்று கிடந்தது. முந்தின நாள் அங்கே அது இல்லை. முனை உருகியிருந்தது. கைப்பிடியில் கே.பி. என்று சூடு போட்டிருந்தது. எடுத்தேன். முனை ஆறிப்போயிருந்தது, கைப்பிடி மட்டும் வெதுவெதுவென்று இருந்தது, ஒருவர் இப்போதுதான் கையிலிருந்து விட்ட மாதிரி.

"நான் டேக்கைத் தொடலையே" என்றார் நெவ். உதடு வெளுத்திருந்தது. "நான் தொடவே இல்லையே..."

ஹெங்க் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நாம டேக்கைத்தான் பார்த்தோம். ஆளைப் பார்க்கல" என்றார்.

மறுநாள் ஒன்றும் மாறவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வாரம் போனது. கீழ் வரிசையின் ஊதிய தலைகள் அப்படியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. எழுபத்தெட்டில் அவருக்கு என்ன ஆனதோ தெரியாது, ஆனால் இப்போது ஆனதை நாங்கள்தான் செய்தோம். வியாழக்கிழமை நோலீன் ஸ்கோனோடு வந்தபோது நான் கழிப்பறையில் ஒளிந்துகொண்டேன். அறுபது வயதுப் பெண்ணுக்கு அழகா அது?

நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நெவ்வின் புது சப்ளையின் பிளக்கைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எறிந்தேன். பின்பக்கக் கம்பிகளைப் பிடுங்கினேன். வீட்டில் பழைய வேலைப் பெட்டியில் கிடந்த என் சொந்த டேக்குகளில் ஒன்றைக் கொண்டுவந்து, கார்மென் ஜெராஃபா என்று எழுதி, அந்த சப்ளையின் பட்டன் மேல் மாட்டினேன். இனி நான் கழற்றாமல் யாரும் அதைப் போட முடியாது. என் பெயர் போட்ட அந்த டேக் காப்பது என் கையை மட்டும் அல்ல என்பது எனக்குத் தெரியும்.

நெவ் அதைப் பார்த்தார். எதிர்த்துப் பேசுவார் என்று சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பழைய பெட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"மன்னிச்சுக்க, கெல். நீ இருக்கேன்னு நான் நெனைக்கல. இனிமே யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. உன் பாட்டுக்கு வேலையைப் பாரு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சிரிச்சே, கொன்னுடுவேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விழா நாளில் கம்ப்யூட்டர் இருட்டாகத்தான் நின்றது. ரொட்டியில் சாசேஜ் வைத்து விற்றோம், ஷெட்டில் மரத்தால் செய்த பறவைக்கூடுகளை மேயர் பாராட்டினார், சனம் வந்தது போனது. கூட்டத்துக்கு நடுவில் நோலீன் என் கையைப் பிடித்தாள்.

"என்னைப் பார்த்து ஓடறே. வேலை நின்னுபோச்சா?"

"நடந்துக்கிட்டிருக்கு."

"கார்மென்."

"நடக்குது நோலீன்." பொய் சொல்லும்போது எனக்கு எப்போதும் குரல் ஏறும். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கூண்டுக்கு வெளியே நாற்காலி போட்டு, எல்லோரும் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். உதட்டுச் சாயம் அழிந்துபோயிருந்தது. கிளம்பும்போது கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்து, "திங்கக்கிழமை வேன் வருதுங்க" என்று சொன்னாள். சமையலறையிலிருந்து கணவனிடம் சொல்கிற சாதாரணக் குரலில் சொன்னாள். அதைக் கேட்டு ஹெங்க் வெளியே போய் நின்றுகொண்டார்.

திங்கட்கிழமை காலை ஊர் முழுக்க மூடுபனி. ஷெட்டுக்கு முதலில் வந்தது நான்தான். பூட்டைத் திறக்கும்போதே வாசனை வந்துவிட்டது. பைன் பிசின்.

கீழ் வரிசை முழுவதும் மாறியிருந்தது. எல்லாம் பளபளவென்று, எல்லாம் எழுபத்தெட்டு. ஆனால் வேலை படு மோசம். ஈயம் திட்டுத்திட்டாக வழிந்திருந்தது. கம்பிகள் கோணலாக, அளவில்லாமல், இடப்பக்கமாகச் சுற்றியிருந்தன. மேல் வரிசையைச் செய்த கை இதைச் செய்திருக்காது. பழக்கமில்லாத கை, இடது கை, வலியோடும் அவசரத்தோடும் செய்திருக்கிறது. பிளாஸ்டிக் மூடியைத் திரும்பவும் மாட்டி நான்கு ஸ்க்ரூவையும் முறுக்கியிருந்தது. இரண்டு ஸ்க்ரூவின் தலை வழுக்கித் தேய்ந்திருந்தது.

சுவிட்சில் டேக் இல்லை.

குப்பைக் கூடையில் பார்த்தேன். வேலை முடிந்த டேக்கை இரண்டாகக் கிழித்துத்தான் போட வேண்டும், அதுவும் விதி. இரண்டு துண்டும் மேலாகக் கிடந்தன. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். மறுபடி பூட்டைப் பூட்டினேன், ஏன் என்று தெரியவில்லை. காரை எடுத்தேன்.

மேட்டுத் தெருவில் நோலீன் வீட்டு ஜன்னல் திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. கதவில் அந்த மரப்பலகை தொங்கியது. தட்ட வேண்டாம். நான் தட்டவில்லை. படியில் ஏறி நின்றேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் திரும்பிப் போக என்னால் முடியவில்லை.

கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. நோலீன்தான். தலை வாரி, உதட்டுச் சாயம் பூசி, உதட்டின் மேல் விரலை வைத்திருந்தாள்.

"உஷ்ஷ். இப்பத்தான் கண்ணை மூடினாரு."

அவள் தோளுக்குப் பின்னால் கூடம் இருட்டாக இருந்தது. மிதியடி மேல் ஒரு ஜோடி வேலைப் பூட்ஸ், ஈரச் சாம்பல் அப்பி, அவிழ்த்த நாடாவோடு இருந்தன. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கார்ல முதலுதவிப் பெட்டி வெச்சிருப்பேல்ல?" என்று கிசுகிசுத்தாள். "வெந்த புண்ணுக்குப் போடற களிம்பு இருந்தா குடேன். வலது கை. உள்ளங்கை பூரா வெந்து கெடக்கு. எப்படி ஆச்சுன்னு கேட்டா, வேலைன்னா அப்படித்தான்னுட்டுப் படுத்துட்டாரு."

நெவ் பட்டனை அழுத்திய அந்த நாளைப் பற்றி அவளிடம் நாங்கள் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பெட்டியை அப்படியே கொண்டுவந்து கொடுத்தேன். என் விரல் அவள் விரலில் பட்டது, சூடாக இருந்தது, உயிருள்ள விரல். அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள். நான் காரில் ஏறி, எஞ்சினைப் போடாமல், பிரேக்கை விட்டுச் சரிவில் உருளவிட்டேன்.

தெருமுனையில் முதியோர் இல்லத்து வேன் மேலே திரும்பிக்கொண்டிருந்தது. காரைக் குறுக்கே நிறுத்தி இறங்கினேன். டிரைவர் கண்ணாடியை இறக்கினார். எங்கள் ஊர்ப் பையன்தான், அவன் அப்பாவும் நாராபர்னில் ஷிஃப்ட் பார்த்தவர்.

"ப்ரூயிட் வீடு மேலதானே?"

"மேலதான். இன்னைக்குப் போகாதே" என்றேன். "அங்க ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்த மனுஷன் தூங்கிக்கிட்டிருக்காரு."

அவன் என்னைப் பார்த்தான், மேலே மூடுபனியில் மங்கலாகத் தெரிந்த வீட்டுக் கதவைப் பார்த்தான். கதவில் தொங்குவது என்ன என்று அவனுக்குத் தெரியும். எஞ்சினை அணைத்தான்.